99-இல் முடியும் பில்: பட்டியலில் இல்லாத அறுவைச் சிகிச்சைக்கு அமெரிக்கக் காப்பீடு பணம் தரும் விதம்

அமெரிக்காவில் ஓர் அறுவைச் சிகிச்சை முடிந்ததும், மருத்துவர் செய்த வேலை ஐந்து இலக்க எண்ணாகிவிடுகிறது. லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பித்தப்பையை எடுத்தால் 47562. அதே முறையில் குடல்வாலை எடுத்தால் 44970. நோயின் எண்ணோடு இந்த எண்ணும் சேர்ந்து க்ளெய்மாகப் போகும். காப்பீட்டு நிறுவனத்தின் கணினி படித்துப் பார்த்து, ஒப்பந்தத்தில் உள்ள தொகையை அனுப்பிவிடும். பெரும்பாலான க்ளெய்ம்கள் மனிதக் கண் படாமலே பைசலாகின்றன.

எண்ணே இல்லாத அறுவையைச் செய்துவிட்டால்?

இந்த எண்களுக்குச் சிபிடி கோடு என்று பெயர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. 1983-இல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இதை ஏற்றுக்கொண்டது. ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டத்தின் கீழ் 2000-இல் வந்த விதிகளின்படி நாடு முழுவதற்கும் இதுவே கட்டாயமானது. இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று சில சேரும், சில போகும். அறுவை அரங்கு ஜனவரி 1-க்காகக் காத்திருப்பதில்லை. புதுக் கருவி வரும், புது வழி பிறக்கும், பழைய அறுவையை யாரோ ஒருவர் சிறு துளை வழியே செய்து காட்டுவார். அந்த இடைவெளிக்காகத்தான் ஒவ்வோர் உறுப்புப் பிரிவின் கடைசியிலும் ஓர் அன்லிஸ்டட் கோடு, அதாவது பட்டியலில் இல்லாததற்கான எண், வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கணக்கு நோட்டில் ‘இதர’ என்று ஒரு வரி இருக்குமே, அதுதான். உணவுக்குழாய்க்கு 43499, கணையத்துக்கு 48999, நரம்பு மண்டலத்துக்கு 64999, ஆர்த்ராஸ்கோப்பி என்ற மூட்டுத் துளை அறுவைக்கு 29999. எல்லாமே 99-இல் முடியும் என்றில்லை. லேப்ராஸ்கோப்பி வழிக் கல்லீரல் அறுவைக்கு 47379, ஹெர்னியாவுக்கு 49659.

48999 என்று அனுப்பினால் கணினிக்குத் தெரிவது கணையத்தில் ஏதோ செய்திருக்கிறார்கள் என்பது மட்டுமே. என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு கடினம் என்று எதுவும் தெரியாது. இந்தக் கோடுகளுக்கு ஆர்வியூ எனப்படும் மதிப்புப் புள்ளிகளும் கிடையாது. மெடிகேரின் கட்டண அட்டவணையில் இவற்றின் எதிரே ‘சி’ என்ற எழுத்து மட்டும் இருக்கும்: மெடிகேருக்காகக் க்ளெய்ம்களைப் பைசல் செய்யும் அந்தந்த வட்டார ஒப்பந்த நிறுவனமே விலை வைத்துக்கொள்ளட்டும் என்று பொருள். அறுவைக்குப் பிந்திய கவனிப்பு எத்தனை நாள் கட்டணத்துக்குள் அடங்கும் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள்.

அப்படியானால் பக்கத்தில் இருக்கும் கோட்டைப் போட்டுவிட்டுப் போனால் என்ன? இந்த ஆசை எல்லாருக்கும் வரும். லேப்ராஸ்கோப்பியில் கணையத்தின் வால் பகுதியை எடுக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் இது பல ஆண்டுகளாகச் சாதாரணமாக நடக்கும் அறுவை. ஆனாலும் தனிக் கோடு இல்லை. வயிற்றைத் திறந்து செய்வதற்கு 48140 இருக்கிறது. உறுப்பும் அதே, எடுப்பதும் அதே. அதைப் போட்டால் பணம் தடையின்றி வந்துவிடும். ஆனால் சிபிடி புத்தகத்தின் முன்னுரையே இதைத் தடுக்கிறது: கிட்டத்தட்டப் பொருந்தும் கோட்டைத் தேர்ந்தெடுக்காதே, சரியானது இல்லையென்றால் அன்லிஸ்டட் கோட்டைப் போடு என்கிறது. லேப்ராஸ்கோப்பியில் செய்ததைத் திறந்த அறுவைக்குரிய கோட்டில் அனுப்பக் கூடாது என்பது மெடிகேரின் விதியும்கூட. மெடிகேர் பணத்தைத் தெரிந்தே தவறான கோட்டில் வாங்கினால், 1863-இல் உள்நாட்டுப் போரின்போது வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் வரை பிரச்சினை போகும். அந்தச் சட்டத்தில் இழப்பீடு மூன்று மடங்கு.

ஆக, உள்ளதை உள்ளபடி சொன்னால் க்ளெய்ம் சிக்கும். கொஞ்சம் வளைத்துச் சொன்னால் ஓடிவிடும். இதைவிடத் தலைகீழான ஊக்குவிப்பு வேறு எந்தத் துறையில் உண்டு என்று தெரியவில்லை. விதியை மீறச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விதியை மதிப்பவருக்கு எண் போதாது, எழுத்து வேண்டும். இந்த வகைக் க்ளெய்மில் பணத்தைத் தீர்மானிப்பது ஒரு நல்ல கடிதமும் ஒழுங்கான ஆப் நோட்டும், அதாவது அறுவைக் குறிப்பும்தான்.

எழுத்துக்குக் கிடைக்கும் முதல் இடம் மிகச் சிறியது. மின்னணு க்ளெய்மில் கோட்டுக்குப் பக்கத்தில் விளக்கம் எழுத 80 எழுத்துகள் வரை இடம் உண்டு. காகிதப் படிவத்தில் 19-ஆம் கட்டம். பல அலுவலகங்கள் இதைக் காலியாக விடுகின்றன, அல்லது ‘லேப்ராஸ்கோப்பி அறுவை’ என்று எழுதி அனுப்புகின்றன. 48999 சொன்னதற்கு மேல் இது எதையும் சொல்லவில்லை. ‘லேப்ராஸ்கோப்பி வழி கணைய வால் நீக்கம், மண்ணீரல் காப்பாற்றப்பட்டது, ஒப்பீடு 48140’ என்றால் (ஒப்பீடு என்பது விலைக்கு அளவுகோலாகக் காட்டும் கோடு) க்ளெய்மை எடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. விளக்கம் இல்லாமல் போன க்ளெய்ம் 16 என்ற டினையல் (மறுப்பு) கோடும் என்350 என்ற குறிப்பும் தாங்கித் திரும்பி வரும். அன்லிஸ்டட் கோட்டுக்கு விளக்கம் இல்லை என்பதே அந்தக் குறிப்பு. மெடிகேரில் இப்படித் திரும்புவது பெரும்பாலும் ‘செயலாக்க முடியாத க்ளெய்ம்’ கணக்கில் சேரும். அதற்கு அப்பீல் உரிமையே கிடையாது. திருத்திப் புதிதாக அனுப்ப வேண்டியதுதான். இது தெரியாமல் மாதக்கணக்கில் அப்பீல் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அறுவை நடந்த நாளிலிருந்து ஓராண்டு என்ற மெடிகேர் கெடு அதற்குள் ஓடிவிடும்.

திரும்பும் காரணங்களில் இன்னும் மூன்றை அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது. 252 என்றால் இணைப்பு ஆவணம் வேண்டும், அனுப்பினால் பார்ப்பார்கள். 189 என்றால் இதற்குத் தனிக் கோடு இருக்கிறதே, ஏன் அன்லிஸ்டட் போட்டாய் என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு. ‘டி’ என்ற எழுத்தில் முடியும் மூன்றாம் வகைக் கோடுகள், புதிய தொழில்நுட்பங்களுக்குத் தற்காலிகமாகத் தரப்படுபவை. பொருந்தும் ‘டி’ கோடு ஒன்று இருந்தால் அன்லிஸ்டட் கோட்டைப் போடக் கூடாது. அந்தப் பட்டியலைப் பார்க்க மறப்பதுதான் 189-க்கு அடிக்கடி காரணம். 55 வந்தால் கதை வேறு: இது ஆய்வுநிலைச் சிகிச்சை, எங்கள் பாலிசியில் இல்லை என்கிறார்கள். அங்கே பேச வேண்டியது கோடிங் இல்லை, மருத்துவம்.

இனி கடிதம். சிபிடி இதை ஸ்பெஷல் ரிப்போர்ட் என்கிறது. அறுவையின் தன்மை, அளவு, அவசியம், பிடித்த நேரம், உழைப்பு, கருவி இவையெல்லாம் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது வேறொன்றை: ஏன் இருக்கும் கோடுகள் பொருந்தவில்லை என்பதை. க்ளெய்மைப் பார்ப்பவரின் மனதில் முதலில் எழும் கேள்வியே அதுதான். அதற்குப் பதில் முதல் பத்தியிலேயே வந்துவிட்டால் மீதியை அவர் நம்பிக்கையோடு படிப்பார். படிப்பவர் பெரும்பாலும் செவிலியராக இருப்பார், சில நேரம் வேறு துறை மருத்துவர். கணைய அறுவை நிபுணர் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே சக நிபுணருக்கு எழுதும் நடை இங்கே உதவாது.

கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆப் நோட் அதற்கு ஒத்துப்போக வேண்டும். உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஒட்டுகளைப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆனது என்று கடிதம் சொல்லி, ஆப் நோட்டில் ‘ஒட்டுகள் பிரிக்கப்பட்டன’ என்று ஒரே வரி இருந்தால் கடிதத்தை யார் நம்புவார்கள்? பழைய நோட்டை நகலெடுத்துப் பெயரை மாற்றும் பழக்கம் சாதாரண அறுவைகளில் பெரிதாகப் பாதிப்பதில்லை, எண் தானே பேசிவிடும். அன்லிஸ்டட் க்ளெய்மில் அந்தப் பழக்கத்தின் விலை நேரடியாக டாலரில் தெரியும். உரிய வரிகளை அடிக்கோடிட்டு இணைப்பது சின்ன வேலை, பலன் பெரிது.

விலை எப்படிப் பிறக்கிறது? ஒப்பீட்டுக் கோடு வழியாக. அதே உறுப்பு, கிட்டத்தட்ட அதே உழைப்பு உள்ள, மதிப்புப் புள்ளி பெற்ற ஒரு கோட்டை மருத்துவரே முன்வைக்க வேண்டும். எங்கள் அறுவை இதைவிட இவ்வளவு சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஒப்பீட்டுக் கோட்டுக்கு 40 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 2025-இல் மெடிகேர் ஒரு புள்ளிக்குத் தந்தது சுமார் 32.35 டாலர். வட்டாரத் திருத்தங்களை விட்டுவிட்டால் 1,294 டாலர் வருகிறது. எங்கள் அறுவை 20 சதவீதம் கூடுதல் உழைப்பு என்று நிறுவினால் 1,553 டாலர். அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நேரம், நோயாளியின் முந்தைய அறுவைகள், கருவி, ஆபத்து என்று பிரித்துக் காட்ட முடியாத சதவீதத்தைக் கேட்காமல் இருப்பது நல்லது. கூடுதல் உழைப்புக்கென்று வழக்கமாகப் போடும் 22 என்ற மாடிஃபயரை (கோட்டோடு சேர்க்கும் துணைக் குறியீட்டை) இங்கே ஒட்டுவதிலும் அர்த்தமில்லை. கூட்டுவதற்கு அடிப்படை மதிப்பு என்று ஒன்று இருந்தால்தானே!

ஒப்பீட்டுக் கோட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான சண்டை. போயம் எனப்படும் வாய்வழி எண்டோஸ்கோப்பித் தசை வெட்டு இதற்கு நல்ல உதாரணம். அகலேசியா என்ற நோயில் உணவுக்குழாயின் கீழ்வாய்த் தசை தளர மறுக்கிறது. விழுங்கிய உணவு வயிற்றுக்குள் இறங்காமல் நிற்கும். 1913-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசையை வெளியிலிருந்து வெட்டிக் காட்டினார். அது பின்னர் லேப்ராஸ்கோப்பி அறுவையாகி 43279 என்ற கோட்டைப் பெற்றது. 2008-இல் ஜப்பானின் யோகோஹாமாவில் ஹருஹிரோ இனோவே வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, உணவுக்குழாயின் உட்சுவரில் சுரங்கம் போல் வழி பிரித்து, அதே தசையை உள்ளிருந்து வெட்டினார். வயிற்றில் ஒரு துளைகூட இல்லை. சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பரவியது.

அமெரிக்காவில் இதற்கான கோடு, 43497, நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 1-இல். அதுவரை போயம் செய்த ஒவ்வொருவரும் 43499-இல்தான் பில் போட்டார்கள். ஒப்பீடாக ஹெல்லர் அறுவையைக் காட்டுவார்கள்: வெட்டப்படும் தசை ஒன்று, நோக்கமும் ஒன்று. ஆனால் வாய்வழி எண்டோஸ்கோப்பிதானே என்ற எதிர்வாதத்துக்கும் இடம் இருந்தது. எண்டோஸ்கோப்பிக் கோடுகளின் மதிப்பு அறுவைக் கோடுகளோடு பார்த்தால் மிகக் குறைவு. கத்தி எந்த வழியாகப் போனது என்பதா, உள்ளே போய் என்ன செய்தது என்பதா, எதைக் கொண்டு உழைப்பை அளப்பது? என் பார்வையில் இரண்டாவதுதான் நியாயம். ஆனால் கோடு வந்தபோது போயத்துக்கு வைக்கப்பட்ட மதிப்பு லேப்ராஸ்கோப்பி ஹெல்லரைவிடக் குறைவாகவே இருந்தது. தனிக் கோடு கிடைத்துவிட்டால் வருமானம் ஏறும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோடு தருவது நிச்சயத்தை; கூடுதல் பணத்தை அல்ல.

இப்படி 99-இல் இருந்து வெளியேறிய அறுவைகள் நிறைய. இடுப்பு மூட்டு உரசல் நோய்க்கான ஆர்த்ராஸ்கோப்பி 29999-இல் கிடந்து, 2011-இல் 29914 முதல் 29916 வரை மூன்று கோடுகளைப் பெற்றது. எடைக் குறைப்புக்காக இரைப்பையைக் குழாய்போலச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை 2010-இல் 43775 ஆனது. அதற்கு முன் 43659.

வெளியேறும் வழி எளிதல்ல. சிபிடி ஆசிரியர் குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. முதல் வகைக் கோடு, அதாவது நிரந்தரக் கோடு, வேண்டுமானால், அறுவையைப் பல மருத்துவர்கள் நாடு முழுக்கச் செய்கிறார்கள் என்றும் அதன் பலன் ஆய்விதழ்களில் நிறுவப்பட்டிருக்கிறது என்றும் காட்ட வேண்டும். கருவி தேவைப்பட்டால், மருந்து, கருவிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியும் வேண்டும். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. எத்தனை பேருக்குச் செய்யப்படுகிறது என்பதை க்ளெய்ம் தரவிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். ஆனால் 48999 என்ற ஒரே எண்ணுக்குள் வால் நீக்கமும் இருக்கும், வேறு பத்து விதக் கணைய அறுவைகளும் இருக்கும். பிரித்து எண்ணவே முடியாது. கோடு இல்லாததால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் கோடு இல்லை. ‘டி’ கோடுகள் வந்ததே இந்த முடிச்சை அவிழ்க்கத்தான்: பணம் உறுதியில்லை, ஆனால் எண்ணிக்கையாவது சேரும். ஐந்தாண்டில் முதல் வகைக்கு ஏறாவிட்டால், நீட்டிப்புப் பெறாவிட்டால், காலாவதி.

இவ்வளவும் மருத்துவரின் கட்டணம் பற்றியது. மருத்துவமனையின் பில் வேறு பாதையில் போகிறது, அதிலுள்ள முரண் ஆச்சரியமானது. உள்நோயாளியாகச் சேர்த்துச் செய்யும் அறுவைக்கு மருத்துவமனை சிபிடி கோட்டைப் பயன்படுத்துவதில்லை. ஐசிடி-10-பிசிஎஸ் என்ற வேறொரு முறை. அதில் உறுப்பு, செயல், வழி என்று ஏழு இடங்களை நிரப்பிக் கோட்டையே கட்டிவிடலாம். நோய்க்குழு அடிப்படையில் மெடிகேர் பணம் போய்ச் சேரும். ஒரே அரங்கு, ஒரே நோயாளி, ஒரே அறுவை. மருத்துவமனைக்குப் பணம் வந்துவிடும், மருத்துவர் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். புறநோயாளி அறுவையில் மருத்துவமனையும் மாட்டிக்கொள்கிறது: அன்லிஸ்டட் கோட்டை அந்தப் பிரிவின் மிகக் குறைந்த கட்டண அடுக்கில்தான் மெடிகேர் வைக்கிறது. தனி அறுவை மையங்களுக்கு அதுவும் இல்லை. அன்லிஸ்டட் கோட்டில் மட்டுமே பில் போடக்கூடிய அறுவைக்கு அந்த மையங்களுக்கு மெடிகேர் பணம் தருவதேயில்லை, அதற்கென்றே விதி இருக்கிறது. எனவே அறுவையை எங்கே செய்வது என்பதையும் சில நேரம் அந்த 99 தான் முடிவு செய்கிறது.

இந்தக் க்ளெய்ம்கள் நம் ஊர் வழியாகவும் போகின்றன. சென்னை, திருச்சி, கோவை அலுவலகங்களில் உயிரியல், நர்சிங், பிசியோதெரபி படித்த ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்க ஆப் நோட்டுகளைக் கோடு செய்கிறார்கள். நிலுவைப் பணத்தைத் தொடரும் ஏஆர் காலர்கள் நைட் ஷிஃப்டில் காப்பீட்டு நிறுவனங்களை அழைத்துக் க்ளெய்மின் நிலவரம் கேட்கிறார்கள். மணிக்கு இத்தனை சார்ட் (நோயாளிக் கோப்பு) என்ற டார்கெட்டில் ஓடும் இடத்தில், நிதானமாகப் படித்து ஒப்பீட்டுக் கோடு தேட வேண்டிய ஒரு சார்ட் எல்லாருக்கும் தொல்லைதான். டார்கெட்டுக்காகப் பக்கத்துக் கோட்டைத் தட்டிவிடும் ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. அன்லிஸ்டட் சார்ட்டுகளை டார்கெட் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிடும் மேலாளர் பின்னால் வரும் டினையல்களை மிச்சம் பிடிப்பார். ஆப் நோட்டில் இல்லாததைக் கோடரால் உருவாக்க முடியாது என்பதும் உண்மை. மருத்துவரிடம் கேள்வி அனுப்பி விளக்கம் வாங்குவதுதான் வழி.

நோயாளிக்கு என்ன ஆகும்? மறுப்புக் கடிதம் கைக்கு வந்தால், மருத்துவர் அலுவலகத்துக்கு வந்த அறிக்கையில் காரண எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்து என்னவென்று கேட்கச் சொல்வேன். ‘சிஓ’ என்றால் அது மருத்துவருக்கும் காப்பீட்டுக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரம்; நெட்வொர்க்கில் உள்ள மருத்துவர் அந்தத் தொகையை நோயாளியிடம் கேட்கக் கூடாது. ‘பிஆர்’ என்றால் பொறுப்பு நோயாளியின் தலையில். ஆய்வுநிலைச் சிகிச்சை என்ற மறுப்பு இப்படி வரக்கூடும்.

தனியார் காப்பீட்டில் மறுப்பு வந்த 180 நாளுக்குள் நிறுவனத்துக்குள்ளேயே அப்பீல் செய்யலாம். அதிலும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளி மதிப்பாய்வு கேட்கலாம்; சுதந்திரமான மருத்துவ மதிப்பாய்வு அமைப்பு சாதாரணமாக 45 நாளில் முடிவு சொல்லும், அது காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் இந்த வழி அவசியமா, ஆய்வுநிலையா என்பதுபோன்ற மருத்துவத் தீர்ப்புகளுக்குத்தான். பணம் தந்தார்கள், குறைவாகத் தந்தார்கள் என்ற தகராறு மருத்துவரின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மெடிகேரில் முதல் அப்பீலுக்கு 120 நாள். அதற்கு மேல் நான்கு படிகள், கடைசிப் படி கூட்டாட்சி நீதிமன்றம்.

அறுவைக்கு முன்பே முன்அனுமதி வாங்கியிருந்தால் பாதித் தலைவலி குறையும். அனுமதிக் கடிதத்தில் அன்லிஸ்டட் கோடு எண்ணோடும், செய்யப்போகும் அறுவை பெயரோடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இந்தக் கோட்டுக்கு முன்அனுமதி தேவையில்லை’ என்று தொலைபேசியில் சொன்னால் அதை எழுத்தில் கேட்க வேண்டும், குறைந்தபட்சம் அழைப்பின் குறிப்பு எண்ணையாவது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் எண்ணைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும். அறுவையைக் கேட்டு அல்ல. ஒப்பீட்டுக் கோட்டையும் எதிர்பார்க்கும் தொகையையும் அப்போதே எழுதி அனுப்பிவிடும் அலுவலகங்கள் உண்டு. பதில் வராவிட்டாலும், அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தோம் என்று அப்பீலில் காட்ட ஒரு தேதியிட்ட கடிதம் கையில் இருக்கும்.